நிமிடத்துக்கு முப்பத்தெட்டு

29 ஜூலை 2002, திங்கள்

இன்று பதினேழு ஃபைல். பதினான்காவது ஃபைலில் டாக்டர் ஏதோ மென்றுகொண்டே பேசினார். 'லிவர்' என்றாரா 'ஃபீவர்' என்றாரா என்று நாலு தடவை திருப்பிக் கேட்டேன். டெக்னோபார்க்கில் என் வேலை இதுதான். காதில் ஹெட்போன், காலடியில் பெடல். பெடலை அழுத்தினால் அமெரிக்காவில் இருக்கிற டாக்டர் தன் நோயாளியைப் பற்றிச் சொல்வார், காலை எடுத்தால் நிறுத்துவார். அவர் சொன்னதை நான் டைப் அடிக்க வேண்டும். ஓர் ஆண் என் கால் விரல் சொன்னபடி பேசுவதும் வாயை மூடுவதும்! இந்த வேலையில் எனக்குப் பிடித்தது அதுதான். யாரிடமும் சொன்னதில்லை.

அப்பா சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தார். பென்சில்வேனியாவில் ஒரு மலைச்சரிவில் கோவில் கட்டுகிறார்கள், கோபுரத்துக்கு சிமெண்டில் சிலை செய்யப் போயிருந்தார். எட்டு மாதம்.

அந்த எட்டு மாதத்தில் நானும் அம்மாவும் கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தோம், ஜன்னல் காற்று அம்மா தலைமாட்டுக்கு வரும்படி. நேற்றுதான் அது அவர் கண்ணில் பட்டது. "யாருக்க வீடுன்னு நெனச்சே?" என்று கேட்டுவிட்டு அம்மாவின் காதோடு சேர்த்து ஓர் அறை. பிறகு நாங்கள் இருவருமாகக் கட்டிலைப் பழையபடி போட்டோம்.

எட்டு மாதத்துக்குப் பிறகும் அம்மாவின் முழங்கை தானாக மேலே எழும்பி முகத்தை மறைத்தது. மறந்திருக்கும் என்று நினைத்தேன்.

31 ஜூலை, புதன்

அப்பா சட்டையில்லாமல் முற்றத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வலது இடுப்புக்கு மேலே ஒரு வட்டம். உள்ளங்கை அகலம் இருக்கும். ஓரம் கருஞ்சிவப்பு, நடுவே தோல் வெளுத்தாற்போல.

அம்மாவும் பார்த்தாள். அடுக்களைக்குள் வந்து மெதுவாகச் சொன்னாள்: "அங்கயும் எவனோ ஒருத்தன் கொடுத்திருக்கான், பாத்தியா." சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன்.

ஆனால் அது அடிபட்ட காயம் இல்லை. அது எனக்குத் தெரியும். முதல் நாள் சிவப்பு, மூன்றாம் நாள் நீலம், ஐந்து ஆறில் பச்சை கலங்கும், பத்தாம் நாள் மஞ்சள், பிறகு இல்லை. எங்கள் வீட்டில் காயத்தைப் பார்த்துத் தேதி சொல்லிவிடலாம். அப்பா இடுப்பில் இருப்பதற்கு அந்த வரிசை இல்லை.

4 ஆகஸ்ட், ஞாயிறு

வட்டம் பெரிதாகியிருக்கிறது. நடு இன்னும் வெளுப்பு. கேட்கவில்லை. கேட்டால் ஏன் பார்த்தாய் என்பார்.

9 ஆகஸ்ட், வெள்ளி

ஸ்ரீகண்டன் சார் வீட்டுக்கு போன் செய்துவிட்டார். எங்கள் டீம் லீடர். நாளை ஷிப்ட் ஒரு மணி நேரம் முன்னால் என்று சொல்லத்தான். போனை எடுத்தது அப்பா.

"ஆம்பளக் குரலு கேக்குது. எவன்டி அவன்?"

ஆபீஸ் என்றேன். சார் என்றேன். ஷிப்ட் என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி விழுந்தது. சிலைக்கு அளவு எடுக்கிற முழக்கோல், தேக்கு. முகத்தைக் காப்பாற்றக் கையைக் கொடுத்தேன். இடது முன்கையில் மூன்று, மணிக்கட்டில் ஒன்று. அம்மா குறுக்கே வந்தாள், அவளுக்கும் கிடைத்தது.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். பி.எஸ்ஸி. கணக்கு, முதல் வகுப்பு. அந்த சர்டிஃபிகேட்டை ஃபிரேம் போட்டு மாட்டியதும் அப்பாதான். அதற்கு நேர் கீழேதான் இன்று நின்றிருந்தேன்.

10 ஆகஸ்ட், சனி

வீங்கிய கையால் டைப் அடித்ததில் நிறையப் பிழை. ஸ்ரீகண்டன் சார், மலையாளமும் தமிழுமாக, "எந்து பற்றி, என்ன ஆச்சு பிந்து, கையெழுத்தா டைப்பிங்கா இது?" என்றார். பஸ்ஸில் விழுந்தேன் என்றேன். பக்கத்து சீட் ரெம்யா என்னைப் பார்த்தாள். இந்த வருடம் நான் பஸ்ஸில் விழுவது நாலாவது தடவை. அவள் தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு முட்டையை என் மூடியில் வைத்தாள்.

24 ஆகஸ்ட், சனி

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

அப்பா மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். மீன்குழம்பில் புளி கூடிவிட்டது. தட்டு சுவரில் மோதியது. எழுந்து, மூலையில் சாய்த்திருந்த முழக்கோலை எடுத்தார். அம்மா சுவரோடு ஒட்டி முழங்கையைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கையை ஓங்கினார்.

அடி விழவில்லை.

ஓங்கின கை அப்படியே நின்றது. முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. நெற்றியில் வியர்வை, கழுத்து நரம்பு துள்ளுவது எனக்குத் தெரிந்தது. முழக்கோல் தரையில் விழுந்தது. சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தார். "நெஞ்சு துள்ளுது" என்றார். அவர் குரலே இல்லை அது.

அம்மா கண்ணை மூடியபடி இன்னும் அடிக்குக் காத்துக்கொண்டிருந்தாள். நான்தான் போய் அவள் முழங்கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன். கை இறுகிப்போயிருந்தது.

27 ஆகஸ்ட், செவ்வாய்

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்கிறார். பழவங்காடியில் ஒரு கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். இசிஜி எடுத்தார்கள். டாக்டர் ஓர் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, "கொஞ்சம் மெதுவா ஓடுது, அவ்வளவுதான். உடம்பு உழைப்புள்ள ஆளாச்சே, விளையாட்டுக்காரங்களுக்கும் இப்படித்தான் இருக்கும்" என்றார். வாயுத் தொல்லை என்று கேஸுக்கு மாத்திரை கொடுத்தார்.

அப்பா எங்கள் ஆரியசாலைக் கடைத்தெரு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டே வந்தார். பருப்பு மொத்தக்கடையில் நின்றும் சொன்னார். "எனக்கு ஸ்போர்ட்ஸ்காரனுக்க நெஞ்சாக்கும். அமெரிக்காவுல எட்டு மாசம் சாரத்துல ஏறி நின்னவனாக்கும்." கடைக்காரர், "அப்ப மேஸ்திரி அடுத்த ஒலிம்பிக்ஸுக்கு உண்டா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வெளியே எவ்வளவு நல்ல மனிதர்.

31 ஆகஸ்ட், சனி

காலை. குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். நெற்றி குழாயில் மோதிப் பிளந்தது. ரத்தம் தண்ணீரோடு சேர்ந்து சாக்கடை வரை ஓடிற்று.

நானும் அம்மாவும் அடுக்களை வாசலில் நின்றோம். நின்றோம் — அதைத்தான் எழுத வேண்டும். ஓடவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு... எட்டு வரை. எட்டில் அம்மா அசைந்தாள்.

அவரே கண் திறந்தார். "ஏன்டி மரம் மாதிரி நிக்குதீய?"

என்ன நினைத்துக்கொண்டு எண்ணினேன்? பத்து வந்திருந்தால்?

1 செப்டம்பர், ஞாயிறு

பயந்துவிட்டார். இனி தினமும் காலையில் நான் நாடி பார்க்க வேண்டும். கட்டிலில் உட்கார்ந்து கையை நீட்டுகிறார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். இந்த மணிக்கட்டை இதுவரை நானாகத் தொட்டதில்லை. அதுதான் வந்து என் மேல் விழும்.

52.

2 செப்டம்பர் — 46. நடுவில் ஒன்று விட்டுப் போகிறது.

3 செப்டம்பர் — 60. "பாத்தியா, சரியாயிட்டு" என்றார். மாலையில் மறுபடி தலைசுற்றல். அம்மா மேல் கை ஓங்கிப் பத்து நாளாகிறது.

4 செப்டம்பர், புதன்

கேன்டீனில் எழுதுகிறேன்.

பதினோராவது ஃபைல். இருதய டாக்டர், பெண், நிதானமான குரல். நோயாளிக்கு நாற்பத்தொரு வயது, தோட்ட வேலைக்காரர். மூன்று வாரமாகத் தலைசுற்றல், படியேறினால் மூச்சுத் திணறல், நெஞ்சு துள்ளல். இரண்டு தடவை மயக்கம். முதல் நாள் இசிஜியில் துடிப்பு கீழே இறங்கக் கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். மறுநாள் இதயத்தின் மேலறை ஒரு கணக்கில், கீழறை வேறு கணக்கில். நடுவில் செய்தியே போகவில்லை. அடைப்பு நிமிடத்துக்கு நிமிடம் வரும், போகும். நன்றாக இருக்கிற நேரத்தில் இசிஜி எடுத்தால் ஏமாந்துபோவோம் என்கிறார்.

பிறகு சொன்னார்: சுமார் ஆறு வாரத்துக்கு முன்பு நோயாளியின் இடுப்பில் வட்டமாக ஒரு தடிப்பு, விரிந்துகொண்டே போனது, நடுவில் வெளுப்பு.

பெடலிலிருந்து காலை எடுத்தேன். மறுபடி அழுத்தினேன். ஆறு தடவை கேட்டேன்.

லைம் நோய். மான் மேல் இருக்கிற உண்ணி கடித்து வருவது. இந்தக் கோடை முழுக்க அந்தச் சொல்லை டைப் அடித்திருக்கிறேன். முட்டி வீக்கம், காய்ச்சல், தோலில் வட்டம். எத்தனை ஃபைல்! ஒரு தடவையாவது அப்பா நினைவு வந்ததா? அந்த டாக்டர்கள் 'சிவப்பு' என்று சொல்லும்போது என் மனதில் வெள்ளைத் தோல்தான் வந்தது. அப்பாவின் தோலில் அது காயம் மாதிரி இருந்தது. காயம்தான் எங்களுக்குத் தெரியுமே.

கோவிலுக்குப் பின்னால் காடு என்று அப்பா வந்த அன்று சொன்னார். மான் வந்து செடியைத் தின்னும், விரட்டிவிட்டு அந்தப் புல்லிலேயே மத்தியானம் படுப்பேன் என்றார்.

ஃபைலின் கடைசி: நரம்பு வழியாக ஆன்டிபயாடிக். சில நாள் தற்காலிக வயர். நிரந்தர பேஸ்மேக்கர் தேவைப்படவில்லை. ஆறாவது வாரம் முழுமையாகத் தேறினார்.

ஸ்ரீகண்டன் சாரிடம் கேட்டேன், நானாகப் போய்க் கேட்ட முதல் கேள்வி: "சார், இந்த நோய் நம்ம ஊர்ல ஆருக்காவது வந்தா?" அவர் திரும்பாமலே சொன்னார்: "வந்நா டாக்டர் நோக்கும். நமுக்கு ஸ்பெல்லிங் சரியாயா மதி." ஸ்பெல்லிங் சரியாக இருந்தால் போதுமாம்.

முழுமையாகத் தேறினார். அந்த வரியை டைப் அடிக்க எனக்கு நேரம் பிடித்தது.

5 செப்டம்பர் — 44. சொல்லவில்லை.

6 செப்டம்பர், வெள்ளி

42. சொல்லவில்லை.

அப்பா நாள் முழுக்கக் கட்டிலில். வீடு அமைதியாக இருக்கிறது. அம்மா இன்று அடுக்களையில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள், காது கொடுத்துக் கேட்டேன். பாட்டு. அம்மா பாடுவாள் என்று எனக்கு இருபத்துமூன்று வயதில்தான் தெரிகிறது.

அவர் இதயம் மெதுவாக ஆக ஆக எங்கள் வீடு நல்ல வீடாகிக்கொண்டு வருகிறது.

நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. எண்ணிக்கொண்டு இருந்தால் போதும். ஒருநாள் எண்ண ஒன்றும் இருக்காது. விழட்டும். நெற்றி அல்ல, மண்டையே உடையட்டும். எழுதிவிட்டேன். கிழிக்க மாட்டேன்.

8 செப்டம்பர், ஞாயிறு

40. பாட்டை அவரும் கேட்டுவிட்டார்.

"நான் சாவக் கெடக்கேன், இவளுக்குப் பாட்டு." பித்தளைச் செம்பை வீசினார். கை தளர்ந்திருந்ததால் அது பாதி தூரத்தில் விழுந்தது. அது அவருக்குத் தாங்கவில்லை. எழுந்து வந்தார், அம்மாவைக் கழுத்தோடு சேர்த்து அடுப்பு மேடையில் அழுத்தினார். நான் பின்னாலிருந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தேன், முதுகில் குத்தினேன். முதல் தடவை. அவர் அப்படியே அம்மா மேல் மயங்கி விழுந்தார். மொத்த எடையும். அம்மாவுக்கு மூச்சு முட்டிற்று. இரண்டு பேரையும் புரட்டி எடுப்பதற்குள் என் நகம் பெயர்ந்தது.

அம்மாவின் கழுத்தில் நாலு விரல். முதல் நாள். சிவப்பு.

9 செப்டம்பர், திங்கள்

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். காலை, அவள் பலாச்சக்கை வற்றலுக்கு உப்புத் தண்ணி தெளித்துக்கொண்டிருந்தாள். ஃபைலில் கேட்டதெல்லாம் சொன்னேன். உண்ணி, வட்டம், இதயம். மருந்து இருக்கிறது. சொல்லாவிட்டால் எந்த நேரமும் நின்றுபோகலாம். எனக்கு ஐந்து நாளாகத் தெரியும் என்பதையும் சொன்னேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை.

"மருந்து குடுத்தா சரியாவுமா?"

"ஆவும்மா."

"முழுசா?"

"முழுசா."

"சரியானா அவிய பழையபடி அடிப்பாவளா?"

அவள் கேட்டது நிஜமான கேள்வி. டாக்டரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். நான் பொய் சொல்லவில்லை. "அடிப்பாரு" என்றேன்.

"எத்தன நாளாவும்?"

"ஆறு வாரம்னு போட்டிருந்து."

அம்மா எண்ணெய்ச் சட்டியை இறக்கினாள். கழுத்தைத் தடவிக்கொண்டாள். "நாம கொல்லாண்டாம் மக்கா," என்றாள். "கொன்னா அவியள தெனமும் நெனச்சிட்டு இருக்கணும். நீ போய் சொல்லு." பிறகு, வற்றலை முறத்தில் பரப்பியபடி: "ஆறு வாரம் இருக்குல்லா. அது போரும் நமக்கு."

10 செப்டம்பர், செவ்வாய்

ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன். எழுத்து கோணுகிறது, நெற்றி வீங்கியதில் ஒரு கண் சரியாகத் திறக்கவில்லை.

காலையில் எண்ணினேன். 38.

"அப்பா, இது கேஸ் இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போணும். அமெரிக்காவுல உண்ணி கடிச்சிருக்கு."

"ஆரு சொன்னா?"

"ஆபீசுல ஒரு ஃபைல் வந்து—"

"எடீ, நீ கேட்டத அடிக்கவ. அவன் தும்மினா நீ தும்மல் அடிப்பே. எனக்க நெஞ்சுக்குள்ள என்ன இருக்குன்னு ஒனக்குத் தெரியுமோ?"

"அவ சொல்லியத ஒருக்கா கேளுங்க" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். எங்கிருந்து அந்த பலம் வந்தது? இடது கையால் என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்தார். சுவரில் ஒன்று. இரண்டு. சுண்ணாம்பு வாயில் வந்தது. மூன்றாவதற்கு இழுத்தார்—

மூன்றாவது வரவில்லை. அவர் விழுந்தார், முடியை விடாததால் நானும் விழுந்தேன். கண் மேலே செருகிவிட்டது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. முகத்தில் நிறமே இல்லை. கழுத்தில் விரல் வைத்தேன். ஒன்றுமில்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது நொடி. அதற்குப் பிறகு விரலடியில் ஒரு துடிப்பு. பிறகு இன்னொன்று. அவர் விரல்கள் இன்னும் என் முடிக்குள் இருந்தன. ஒவ்வொன்றாக விரித்து எடுத்தேன்.

அம்மா செருப்பில்லாமல் சாலைக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள்.

காஷுவாலிட்டியில் இசிஜி போட்டதும் டியூட்டி டாக்டர் ஓடினார். முழு அடைப்பு. பேஸ்மேக்கர் பெட்டியே வைத்துவிட வேண்டும், கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். நான் வாயைத் திறந்தேன். டாக்டர், நர்ஸ், ட்ராலி தள்ளுகிறவர், எல்லோரும் வேகமாகப் பேசினார்கள். யாரிடம் எப்படிக் குறுக்கிட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். ஓ.பி. சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினேன், தினமும் அடிக்கிற அதே வரிசையில், ஆங்கிலத்தில். நோயாளி, வயது. வந்த காரணம். எப்போதிலிருந்து. முன்பு எங்கே இருந்தார். தோலில் கண்டது, தேதி: ஜூலை 31, ஆகஸ்ட் 4. மயக்கம், தேதி. நாடி, பத்து நாள் எண்கள். கருத்து: லைம் நோயால் வந்த இதய அடைப்பாக இருக்கலாம். யோசனை: தற்காலிக வயர், செஃப்ட்ரியாக்ஸோன், நிரந்தரப் பெட்டிக்கு முன் பொறுத்துப் பார்க்கவும்.

சீனியர் டாக்டர் ராமசுப்ரமணியன் வந்ததும் அதைக் கையில் திணித்தேன். கோட்டைத் தெருவில் இருக்கிற தமிழர். நின்றபடி படித்தார்.

"இது எந்த டாக்டர் எழுதினது?"

"நான், சார்."

"நீ மெடிசின் படிக்கறயா?"

"கணக்கு, சார்."

மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "புஸ்தகத்துல படிச்சிருக்கேன். இங்கே ஒரு கேஸும் பாத்ததில்லை." அப்பாவின் இடுப்பைத் திருப்பிப் பார்த்தார். வட்டம் போய்விட்டது. "ஒண்ணுமே இல்லையே. தேதி எப்படி எழுதினே?"

"டைரி எழுதுவேன்."

"கறுப்புத் தோல்ல இந்தத் தடிப்பு லேசுல தெரியாதும்மா. காயம்னு நினைச்சுப் போயிருப்பா. உனக்கு எப்படித் தோணித்து?"

"காயம் அப்படி மாறாது, சார்."

"எப்படி மாறும்?"

சொன்னேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள். எத்தனையாவது நாளில் எது என்று. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் என் நெற்றியைப் பார்த்தார், பிறகு அம்மாவின் கழுத்தை. நீலம் ஏறத் தொடங்கியிருந்தது.

டியூட்டி டாக்டரிடம் திரும்பினார். "வயர் மட்டும் இப்போ. பெட்டி வேண்டாம். ஊசியை ஆரம்பி. ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பு, பதில் வர வரைக்கும் காத்திருக்க வேண்டாம்."

அப்பா கண் விழித்ததும் டாக்டர் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: உண்ணி ஏதாவது கடித்ததா? "மாட்டு உண்ணி தண்டிக்கு ஒண்ணும் இல்ல சாரே. எள்ளு மாதிரி ஒண்ணு இடுப்புல ஒட்டி இருந்து. நுள்ளிப் போட்டேன்."

13 செப்டம்பர் — மெஷின் இல்லாமல் 48. சாதுவாக இருக்கிறார். நர்ஸை மலையாளத்தில் 'மோளே' என்கிறார்.

16 செப்டம்பர் — 56. வயரை எடுத்துவிட்டார்கள். கஞ்சி சூடில்லை என்று அம்மாவை முறைத்தார்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு வரும்போதெல்லாம் பெரிய பை கொண்டுவருகிறாள். போகும்போது வீட்டுக்குக் கிழக்கேகோட்டை பஸ் ஏறாமல் வேறு பஸ் ஏறுகிறாள். ஸ்ரீகாரியத்தில் ரெம்யா வீட்டு மாடியில் எங்களுக்கு ஓர் அறை. நான் கேட்டபோது ரெம்யா, "பஸ்ஸில் விழுறத நிறுத்தப் போறியா?" என்று மட்டும் கேட்டாள். முதலில் இட்லிப் பானை போயிற்று. பிறகு அம்மாவின் புடவைகள், அம்மி வேண்டாம் என்று விட்டோம். இன்று என் சர்டிஃபிகேட். ஃபிரேமை விட்டுவிட்டு, தாளை மட்டும்.

21 செப்டம்பர், சனி

64. கஞ்சிக் கிண்ணத்தை வீசினார். இந்தத் தடவை அது பாதி தூரத்தில் விழவில்லை. அம்மாவின் தோளில் பட்டது. அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மேஸ்திரிக்கு பலம் வந்தாச்சு" என்றார். அம்மா கிண்ணத்தைக் கழுவி அலமாரியில் வைத்தாள்.

நாகர்கோவிலிலிருந்து பொன்னம்மை அத்தை வந்திருக்கிறாள், அப்பாவின் அக்கா. அம்மாதான் வரச்சொல்லி எழுதியது. அத்தை எல்லாவற்றையும் யூகித்துவிட்டாள். வராந்தாவில் சொன்னாள்: "கொஞ்சம் கை நீளமுள்ளவன்தான். அதுக்காட்டு வீட்ட விட்டுப் போறதா? ஊரு என்ன சொல்லும்?"

அம்மா சொன்னாள்: "ஊரு வந்து ஒரு வாரம் இவியகூட இருக்கட்டும் மைனி. பொறவு சொல்லட்டும்."

25 செப்டம்பர், புதன்

நாளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். மீதிக்கு மாத்திரை. எந்தத் தேதி ஃபைலில் கேட்டேன் என்று என்னிடம் முன்பே விசாரித்திருந்த ராமசுப்ரமணியன் டாக்டர் நல்ல மனதோடுதான் சொன்னார்: "உம்ம பொண்ணு நாலாம் தேதியே ஆபீஸ்ல கண்டுபிடிச்சுட்டா. அவளாலதான் பொழச்சீர்."

அப்பா சிரித்துக் கும்பிட்டார். டாக்டர் போனதும் கையை நீட்டினார். நாடி பார்க்க. அம்மா பையோடு முன்னாலேயே போயிருந்தாள். அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள்.

விரலை வைத்தேன். அவர் கை திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தது. முறுக்கினார்.

"நாலாந்தேதி. என்னக் கொண்டு வந்தது பத்தாந்தேதி. ஆறு நாளு மிண்டாம இருந்தே, இல்லியா? நான் சாவதுக்கு எண்ணிட்டு இருந்தே." எலும்பு நெரிகிற சத்தம் எனக்கே கேட்டது. "நாளைக்கு வீட்டுக்கு வாடி. எண்ணலாம்."

அவர் சொன்னது பொய் இல்லை. ஆறு நாள். அதை நான் சுமக்கத்தான் வேண்டும்.

கத்தவில்லை. அவருடைய மணிக்கட்டு என் மறு கைக்கு எட்டியது. அதில் விரலை வைத்து வார்டு கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் முறுக்கிக்கொண்டே இருந்தார், நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். அரை நிமிடம் ஆனபோது அவருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. பிடி தளர்ந்தது.

"எழுவத்திரெண்டு" என்றேன். "சரியாயிட்டு, அப்பா."

வெளியே வந்தேன். ஸ்ரீகாரியம் பஸ் நின்றுகொண்டிருந்தது.

5 அக்டோபர், சனி

மணிக்கட்டு, பத்தாம் நாள். மஞ்சள். நேற்று ஆபீஸ் வாசலில் அப்பா வந்து நின்றதாக செக்யூரிட்டி சொன்னார். பாஸ் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். அரை மணி நேரம் நின்று கத்திவிட்டுப் போனாராம். ஸ்ரீகண்டன் சார் என் மேஜைக்கு வந்தார். "நாளை முதல் கம்பெனி வண்டியில் போய் வந்தால் மதி" என்றார்.

14 அக்டோபர், திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போய் லேப் பதிலை வாங்கினேன். லைம்தான். டாக்டரிடம் கொடுத்தேன். "அப்பா எப்படி இருக்கார்?" என்றார். அத்தை போனில் சொன்னதைச் சொன்னேன்: மறுபடி சாரம் ஏறுகிறார், ஒரு குறையும் இல்லை. "நீங்க?" என்றார். ஒரு நிறமும் இல்லாத என் கையை நீட்டிக் காட்டினேன். நெற்றியையும் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

சாயங்காலம் அம்மா சோறு வடிக்கும்போது பானை மூடி கை நழுவி விழுந்தது. சிமெண்ட் தரை. பெரிய சத்தம், பிறகு மூடி வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. அம்மாவைப் பார்த்தேன்.

அவள் இரண்டு கையாலும் பானையைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். முழங்கை இருந்த இடத்திலேயே இருந்தது.

"எடுக்கட்டாம்மா?"

"விடு. அது தானா நின்னுக்கிடும்" என்றாள்.